கந்தப்பன் பிடித்த குத்து

நாமக்கல் கந்தப்பன் இருபது வருஷமாக மனிதர்களை அசையாமல் நிறுத்தி வைத்தவர். போலீசையும் பட்டாளத்தையும் வைத்துக்கொண்டு அரசாங்கம் செய்ய முடியாத அந்தக் காரியத்தை, ஒரு கறுப்புத் துணியையும் இரண்டு வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு அவர் செய்தார். "அசையாதீங்க" என்பது முதல் வாக்கியம். "மூச்சப் புடிங்க" என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் கேட்ட பிறகு அசைந்தவர் கமலாலயக் குளத்துக்கு இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது.

குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. கூரையில் நாலு கண்ணாடி ஓடு. சுவரில் ஓர் அரண்மனைப் படிக்கட்டும் ஏரியும் எழுதிய திரை. ஏரியில் ஓர் அன்னம் நீந்திக்கொண்டிருந்தது. எழுதியவர் அன்னத்தைப் பார்த்ததில்லை, வாத்தைப் பார்த்திருந்தார். அந்த அன்னத்துக்கு முன்னால், மாப்பிள்ளையும் பெண்ணும், வழக்கில் ஜெயித்தவரும் தோற்றவரும், காசிக்குப் போகிறவரும் போய்த் திரும்பியவரும் நாலு எண்ணிக்கை நேரம் கற்சிலையாக நின்றுவிட்டுப் போனார்கள். உயிரோடு இருந்தபோது படம் எடுத்துக்கொள்ள நேரமில்லாதவர்களை இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்துக் கந்தப்பனைக் கூப்பிடுவார்கள். அவர்கள்தாம் அவருடைய நல்ல வாடிக்கைக்காரர்கள். சொன்னபடி கேட்டார்கள், படம் கறுப்பாக வந்தது என்று ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குள் ஓர் ஆசை இருந்தது. அசைகிற ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

முயற்சி செய்யாமல் இல்லை. தேர் ஒரு கணம் நின்றபோது எடுத்த படத்தில் தேர் மட்டும் வந்தது. இழுத்த முன்னூறு பேரும் புகையாகி மறைந்துபோனார்கள். தேர் தானாகவே ஊர்வலம் கிளம்பியது போலிருந்தது அந்தப் படம். பார்த்த பக்தர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு பிரதி வாங்கிப்போனார். மாட்டுவண்டிப் பந்தயத்தை எடுத்தார். மாடும் வரவில்லை, வண்டியும் வரவில்லை; வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் மயிர்க்கால் முதற்கொண்டு தெளிவாக வந்திருந்தார்.

"நிக்கறதப் புடிச்சாலே பொழப்பு நடக்குதில்லங்க. ஓடறதப் புடிச்சு என்ன பண்றதுங்க?" என்று அவர் மனைவி முத்தாயம்மாள் தறியில் உட்கார்ந்தபடி கேட்பாள். இருவருமே ராசிபுரத்து நெசவுக் குடும்பங்கள். கந்தப்பன் பத்தொன்பது வயதில் தறியை விட்டுக் காமிராவுக்குப் போய்விட்டார், முத்தாயம்மாள் போகவில்லை. வீட்டில் இரண்டு குழித்தறி போட இடம் தோண்டியிருந்தது. ஒன்றில் அவள் நெய்தாள். மற்றதில் கந்தப்பன் கம்பளியைப் போட்டு மூடி, சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு படம் எடுத்த கண்ணாடிப் பிளேட்டுகளைக் கழுவினார். இந்த ஊர் வெயிலில் பூமிக்கு மேல் பிளேட்டைக் கழுவினால் மருந்துப் பூச்சு கஞ்சியாகி வழிந்துவிடும். பூமிக்குக் கீழே இரண்டடியில் கொஞ்சம் கருணை உண்டு.

முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் சுற்றுவட்டார நிலமெல்லாம் வைத்திருந்த மிட்டாதார் குமாரசாமி ஒரு வழக்கு விஷயமாக மதராசுக்குப் போனார். வழக்கு தள்ளிப்போயிற்று. பொழுதுபோகாமல் ஒரு குத்துச்சண்டைக்குப் போய் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது வழக்கு மறந்துவிட்டிருந்தது. நாமக்கல் தாலுகாவில் இத்தனை ஊர்கள் இருந்தும் ஓர் ஊரிலும் குத்துச்சண்டை இல்லை என்ற அவமானம் மட்டும் நினைவில் இருந்தது. விசாரித்ததில் அவருடைய எருமப்பட்டித் தோட்டத்திலேயே ஆள் இருப்பது தெரிந்தது.

நாச்சிமுத்து மாடு கட்டிக் கவலை ஏற்றம் ஓட்டுகிறவன். கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இறைத்துக் கட்டிய உடம்பு. நடுவில் நாலு வருஷம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போயிருந்தான். அங்கே சுரங்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வதைக் கண்டு, தானும் சேர்ந்துகொண்டு, தங்கத்துக்குப் பதிலாக ஒரு ஜோடி கையுறையோடு ஊர் திரும்பியவன். எருமப்பட்டியில் அந்தக் கையுறைகளைத் தலையணைகள் என்று நினைத்திருந்தார்கள்.

மதராசிலிருந்து பாலசுந்தரம் என்ற குத்துக்காரரை மிட்டாதார் வரவழைப்பதாக ஏற்பாடு. பங்குனியில் நாமக்கல்லில் ஒரு சண்டை. அதில் நாச்சிமுத்து மானமாகச் சண்டை போட்டால் சித்திரையில் சேலத்தில் மறு சண்டை. நோட்டீசுக்குப் படம் வேண்டும் என்று நாச்சிமுத்துவை அன்னத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"கைய இப்படி வெச்சுட்டு எத்தன நேரமுங்க நிக்கறது?"

"நாலு எண்ணிக்கை. அசையாதீங்க. மூச்சப் புடிங்க."

நாச்சிமுத்து பிடித்தான். அவனைப் போல மூச்சுப் பிடித்தவனைக் கந்தப்பன் பார்த்ததில்லை. படம் எடுத்து முடித்துத் தேநீர் வந்த பிறகுதான் விட்டான்.

"சண்டையில இப்படி நாலு எண்ணிக்கை நின்னா எம்மூஞ்சி எனக்கு முன்னால எருமப்பட்டி போய்ச் சேந்துருமுங்க."

"சண்டையில நானா வந்து நிக்கச் சொல்றேன்? இங்கதான சாமி" என்றார் கந்தப்பன்.

அந்தப் பேச்சு அவருக்குள் எதையோ கிளறிவிட்டது. மறுநாளே நாச்சிமுத்து பழகும் இடத்துக்குப் போனார். மிட்டாதாரின் மாட்டுக் கொட்டகையில், உத்தரத்தில் பருத்திக்கொட்டை மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அவன் அதைத் தண்டித்துக்கொண்டிருந்தான். கந்தப்பன் வைக்கோல் மேல் உட்கார்ந்து மூன்று நாள் பார்த்தார். மூன்று நாளும் ஒன்றும் தெரியவில்லை. கை தோளில் இருந்தது. பிறகு மூட்டையில் இருந்தது. நடுவில் அது எங்கே போயிருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லை.

நாலாவது நாள் சலித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது கேட்டது. முதலில் காலடியில் ஒரு 'தொப்'. பிறகு மூட்டையில் ஒரு 'தொம்'. தொப், தொம். தொப், தொம். கந்தப்பனின் முதுகு தானாக நிமிர்ந்தது. பிறந்தது முதல் கேட்ட சத்தம். தறியில் முதலில் கால் மிதிப்பலகையை மிதிக்கும். பாவு நூல் இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். அதற்குப் பிறகுதான் கை கயிற்றை இழுக்கும், ஊடை நூலைச் சுமந்த நாடா பறக்கும். நாடாவைக் கண்ணால் துரத்துகிற நெசவாளி உலகத்தில் கிடையாது. காலுக்குத் தெரியும், அது எப்போது கிளம்பும் என்று.

கண்ணைத் திறந்து காலைப் பார்த்தார். எல்லாம் அங்கே எழுதியிருந்தது. நாச்சிமுத்து வலக்கையை வீசுமுன் அவனுடைய வலது குதிகால் மண்ணைவிட்டு எழும்பும். அது எழும்பினால் கை வந்தே தீரும். கிரகணத்தைக் கணிக்கும் ஜோசியருக்குக்கூட அவ்வளவு நிச்சயம் இருந்திருக்காது.

காமிராவுக்கு வேகம் வேண்டுமே. மூடியைக் கழற்றி நாலு எண்ணி மாட்டுகிற காமிரா நாச்சிமுத்துவுக்கு ஆகாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போன ஷட்டர் ஒன்று கந்தப்பனின் பெட்டியில் கிடந்தது. லென்சுக்கு முன்னால் கறுப்புத் திரை ஒன்று சுருள் வில்லில் சுற்றியிருக்கும். ரப்பர்ப் பந்தை அழுத்தினால் திரை ஒரு வீச்சில் இறங்கிவிடும். அதன் நடுவிலுள்ள சந்தில்தான் வெளிச்சம் உள்ளே போகவேண்டும். பத்து வருஷ ஏற்காட்டு மழை அந்தத் திரையைத் தின்றிருந்தது.

முத்தாயம்மாள் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இத நெய்ஞ்சவனுக்குக் கையில வாதமுங்களா?" என்றாள்.

இரண்டு நாள் தறியில் வேறு வேலை வைக்கவில்லை. பட்டு இழையை நெருக்கி நெருக்கி அடித்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு துணி நெய்து, மூன்று முறை கறுப்பில் முக்கிக் கொடுத்தாள். பிடித்துப் பார்த்தால் சூரியனே அதற்குப் பின்னால் இல்லாதது போலிருந்தது. ராசிபுரத்து நெசவில் கண் இமை கிடைத்த காமிரா அது ஒன்றுதான்.

அப்புறமும் ஒரு சங்கடம் இருந்தது. பந்தை அழுத்தியதற்கும் திரை விழுவதற்கும் இடையில் கண் சிமிட்டுகிற நேரம் ஆகும். குத்தைப் பார்த்துவிட்டு அழுத்தினால் குத்து முடிந்துபோயிருக்கும். காலைப் பார்த்துவிட்டு அழுத்தினால், காலுக்கும் கைக்கும் நடுவிலுள்ள அந்தத் 'தொப்'புக்கும் 'தொம்'முக்கும் இடையில், இமை சரியாக வந்து விழும். கந்தப்பன் மாட்டுக் கொட்டகையில் வெறும் பந்தை வைத்துக்கொண்டு ஆறு நாள் அழுத்திப் பழகினார். மாடுகள் அவரைப் பற்றி என்ன நினைத்தனவோ தெரியாது.

சண்டை பங்குனி வெயிலில், மாலை நாலு மணிக்கு. வண்டிப் பலகைகளை அடுக்கி மேடை கட்டி, நாலு புறமும் தென்னங்கயிறு கட்டியிருந்தார்கள். கந்தப்பன் தெற்குப் பக்கம் போய், முக்காலியின் கால்களைக் குறுக்கி, காமிராவை மேடைப் பலகையின் மட்டத்துக்கு வைத்தார். மேற்கு வெயில் பக்கவாட்டில் விழுந்து உடம்பின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் காட்டும். நாச்சிமுத்து சூரியனுக்கு முதுகைக் கொடுத்து எதிராளியைக் கண் கூச வைப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சண்டை மேற்கு ஓரத்தில்தான் நடக்கும். பாவு நூல் ஒன்றை லென்சிலிருந்து அந்த இடம் வரைக்கும் இழுத்து, அளந்து, முடிச்சுப் போட்டு, அந்தத் தூரத்துக்குக் காமிராவைத் திருத்தி வைத்தார்.

காப்பி கிளப் வேலுசாமி கூட்டத்தில் வடக்குப் பக்கம் இடம் பிடிக்கப் போகிற வழியில் நின்று இதையெல்லாம் பார்த்தார். ஊரில் எது நடந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் காப்பி ஆற்றுவார் அவர்.

"ஏனுங்க கந்தப்பரே, காலையா போட்டா புடிக்கறீங்க? மூஞ்சி மேல இருக்குதுங்க."

"மூஞ்சி பொய் சொல்லுமுங்க" என்றார் கந்தப்பன்.

அவரிடம் வேகமான பிளேட்டுகள் இரண்டுதான் இருந்தன. ஒரே சட்டத்தில் முன்னும் பின்னும் மாட்டியவை. பாலசுந்தரம் வந்தார், நின்ற இடத்தில் நிற்காத மெல்லிய மனிதர். கையுறையை மாட்டிக்கொண்டே நாச்சிமுத்துவைப் பார்த்து, "இன்னா நைனா, கெணறு தோண்ற கையா?" என்றார். நாச்சிமுத்து, "எறைக்கற கைங்க" என்றான். மணி அடித்தது.

முதல் சுற்றில் ஒரு நல்ல குத்து விழுந்தது. கந்தப்பனும் சரியாகப் பந்தை அழுத்தினார். அதே நொடியில் முன்வரிசை நாற்காலியிலிருந்து மிட்டாதார் உற்சாகமாக எழுந்தார். ஆகவே முதல் பிளேட்டில் மிட்டாதார் குமாரசாமியின் முதுகு, அதன் முழு விஸ்தீரணத்தோடு, என்றென்றைக்குமாகப் பதிவாயிற்று. கந்தப்பன் சட்டத்தைத் திருப்பி மாட்டினார். ஆறடி தள்ளிப் போய் வைத்தார். மறுபடி நூலை அளந்தார்.

மூன்றாம் சுற்று. நாச்சிமுத்து எதிராளியை மேற்கு ஓரத்துக்கு இழுத்து வந்திருந்தான். பாலசுந்தரத்தின் கண்கள் வெயிலில் சுருங்கின. கந்தப்பன் கறுப்புத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தோடு கையை உயர்த்தி நின்றார். இருபது வருஷப் பழக்கம். படம் எடுக்குமுன் கை தானாக உயர்ந்துவிடும். கண்கள் மட்டும் பலகை மேல் இருந்த நாலு பாதங்களில். மதராஸ்காரரின் இடது கால் பெருவிரல் பலகையை அழுத்தியது. எருமப்பட்டிக் குதிகால் எழும்பியது. இரண்டும் ஒன்றாக. கந்தப்பன் அழுத்தினார்.

இமை விழுந்தது. நாச்சிமுத்துவும் விழுந்தான்.

வலது விலாவின் கீழே ஒரே குத்து. நடுவராக நின்ற பள்ளிக்கூட டிரில் வாத்தியார் பத்து வரைக்கும் எண்ணினார். நாச்சிமுத்து ஏழில் முழங்காலூன்றினான். ஒன்பதில் வாயைத் திறந்தான், காற்று வரவில்லை. பத்து.

எண்ணி முடிந்ததும் வடக்குப் பக்கத்திலிருந்து வேலுசாமியின் குரல் நிதானமாக வந்தது. "போட்டாவுக்கு நின்னுட்டானப்பா."

அவ்வளவுதான். சனங்கள் கடைத்தெருவை அடையுமுன் அந்த விளக்கம் அடைந்துவிட்டது. கந்தப்பன் கையைத் தூக்கினார், நாச்சிமுத்து நோட்டீசில் நின்ற மாதிரி நின்றான், மதராஸ்காரர் சும்மா இருப்பாரா. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவரும் கந்தப்பனின் கைக்கு முன்னால் ஒரு தடவை நின்றவர்கள். தாங்களாக இருந்தாலும் நின்றிருப்போம் என்று அவர்களுக்கு உள்ளூரத் தெரியும். மறுநாள் விடிந்தபோது எருமப்பட்டிக்காரனுக்குப் 'போட்டா நாச்சிமுத்து' என்று பெயர் வந்துவிட்டது. சேலத்துச் சண்டையை மிட்டாதார் நிறுத்தி வைத்தார். "குத்து வாங்குனா வாங்கிட்டுப் போறான். போட்டாவுக்கு நிக்கறவன எப்படிச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறது? அங்க ஏழு ஸ்டூடியோ இருக்குது" என்றார்.

கந்தப்பன் இரண்டு நாளாகப் பிளேட்டைக் கழுவவில்லை. வெக்கை என்று முத்தாயம்மாளிடம் சொன்னார். உண்மையில் பயம். அவன் நின்றிருந்தால், இருபது வருஷ ஆசைக்குப் பலன் இன்னொரு ஸ்டூடியோ படம். அன்னம் மட்டும் இல்லை. அவனுடைய பெயரும் அதோடு போயிற்று. அதைவிட ஒரு நினைப்பு உள்ளே குடைந்தது. கை தானாக உயர்ந்ததே, வாயும் தானாகத் திறந்திருக்குமோ? எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலையில் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. நாச்சிமுத்து விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வண்டியில், ஈரச் சாக்குச் சுற்றிய இரண்டு பெரிய பானைகள்.

"கழுவிட்டீங்களா?"

"இல்ல சாமி. தண்ணி சுடுது. மருந்து உருகிப்போயிரும்."

"அதான் கேள்விப்பட்டனுங்க. எங்கூட்டுக் கெணத்துத் தண்ணிங்க. எருமப்பட்டியிலயே ஆழக் கெணறு அது. கைய வெச்சா நடுங்குமுங்க." ஒரு பானையை இறக்கி வைத்தான். "நான் நின்னிருந்தா அந்தக் கண்ணாடிய இங்கயே ஒடச்சுப் போட்டிருங்க. நிக்கலீன்னா மிட்டாதாருகிட்டக் காட்டுங்க."

"நின்னியா இல்லயான்னு உனக்கே தெரியாதா?"

நாச்சிமுத்து இரண்டாவது பானையின் சாக்கை அவிழ்த்தான்.

கந்தப்பன் குழிக்குள் இறங்கினார். நாச்சிமுத்துவும் முத்தாயம்மாளும் மேலே கம்பளியின் இரண்டு ஓரங்களையும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கீழே கந்தப்பன், தறிக்காரன் உட்காருகிறபடியே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கிணற்று நீரில் மருந்தைக் கலந்து, தட்டில் ஊற்றி, பிளேட்டை அதில் நழுவவிட்டார். தட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கி இறக்கினார். முதலில் வானம் கறுத்தது. பிறகு வெயில் பட்ட பலகைகள். பிறகு ஒரு தோள். அவருக்கு வியர்த்தது, அந்தத் துளி தட்டில் விழாதபடி தலையைத் திருப்பிக்கொண்டார். எண்ணி முடித்து, கழுவி, பூச்சு இறுகப் படிகாரத் தண்ணீரில் போட்டு, பிறகு நிலைக்க வைக்கும் மருந்துக்கு மாற்றி, கடைசியில் கம்பளியை விலக்கச் சொன்னார்.

நாச்சிமுத்து ஈரக் கண்ணாடியைப் பார்த்தான். கறுப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கறுப்பு. "ஏனுங்க, என்னைய வெள்ளக்காரனாக்கிப் போட்டீங்களே" என்றான்.

"பேசாம இரு சாமி" என்றார் கந்தப்பன். அவர் குதிகாலைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி காய்ந்ததும் சட்டத்தில் தாளோடு வைத்துக் கூரைமேல் வெயிலில் காட்டினார். படம் வந்தது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் கந்தப்பனின் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. இடது ஓரத்தில் நாச்சிமுத்து. வெயில் அவனுடைய முதுகில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. வலது ஓரத்திலிருந்து பாலசுந்தரத்தின் இடது கை வருகிறது. தோள் தெளிவு, முழங்கை கொஞ்சம் கலக்கம், மணிக்கட்டுக்குப் பிறகு வெறும் புகை. அந்தப் புகை விலாவைத் தொடும் இடத்தில் மட்டும் மறுபடி கெட்டியாகிக் கையுறையாகிவிடுகிறது. அதன் கீழே சதை, பிசைந்த மாவில் கட்டைவிரல் பதிந்தது போலக் குழிந்திருக்கிறது. நாச்சிமுத்துவின் முகத்தில் வலி இன்னும் வரவில்லை. தூரத்தில் யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல ஒரு பார்வை. தலையிலிருந்து தெறித்த வியர்வை ஒரு வெள்ளை இழையாகக் காற்றில் நிற்கிறது. அவனுடைய வலது கை எதிராளியின் தாடைக்கு ஒரு சாண் தூரத்தில், பனிமூட்டமாக, போய்க்கொண்டே இருக்கிறது. அது இன்றைக்கும் போய்ச் சேரவில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் சேர்ந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். வலது குதிகால் பலகையைவிட்டு நாலு விரற்கடை எழும்பியிருக்கிறது. குதிகாலுக்கும் பலகைக்கும் நடுவில் தூசியும் வெளிச்சமும்.

மேடையின் மட்டத்தில் காமிராவை வைத்ததால் இரண்டு பேரும் மலை மாதிரி எழுந்து நிற்கிறார்கள். வேறொருவர் எடுத்திருந்தால் குத்து கிடைத்திருக்கலாம். அந்தக் குதிகால் கிடைத்திருக்காது. குத்து எங்கிருந்து கிளம்பிற்று என்பது அங்கேதான் இருந்தது. முத்தாயம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கயும் வெளிச்சம் கசியல" என்றாள். அவள் பார்த்தது தன்னுடைய வேலையை.

அன்று சாயங்காலம் மிட்டாதார் வேலுசாமியின் காப்பி கிளப்பில் உட்கார்ந்திருந்தார். கந்தப்பன் படத்தை அவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தார். நாச்சிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டான். மிட்டாதார் பத்திரம் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, வில்லங்கம் தேடுகிறவரைப் போல ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்.

"குதிகால் தரையில இல்ல" என்றார்.

"இல்லீங்க" என்றார் கந்தப்பன்.

"கை வேற பொகையா கெடக்குது. நின்னவனுக்குக் கை எப்படிப் பொகையும்?"

"பொகையாதுங்க."

"நாலு எண்ணிக்கைக்கு ஒத்தக் காலத் தூக்கிட்டு நிக்க இவன் என்ன கொக்கா? குத்தப் போயிருக்கறான். அவன் முந்திட்டான். அவ்வளவுதான்." பூதக்கண்ணாடி மெல்ல நகர்ந்து பின்னாலிருந்த கூட்டத்துக்குப் போயிற்று. அங்கே நின்றது. "ஏனப்பா வேலுசாமி, இங்க வா."

வேலுசாமி காப்பி டம்ளரோடு வந்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது முகங்கள். நாற்பதும் வாயைத் திறந்து, கையைத் தூக்கி, பாதி கலங்கிக் கிடந்தன. நடுவில் ஒரே ஒருவர் மட்டும் வெட்டி வைத்தது போலத் தெளிவாக நின்றார். துண்டை மடித்து ஒழுங்காகத் தோளில் போட்டு, ஒரு கையை நெஞ்சின்மேல் வைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, குத்துச்சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவராகக் காமிராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு?" என்றார் மிட்டாதார்.

வேலுசாமி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "நம்ம மாதிரிதான் தெரியுதுங்க."

"போட்டாவுக்கு நின்னது யாருன்னு இப்ப வெளங்குதா?"

"கூட்டம் நெருக்குச்சுங்க. அசைய முடியல."

"சுத்தியும் நாப்பது பேரு ஆடறான். உன்னைய மட்டும் நெருக்குச்சாக்கும்?"

வாசலில் நின்ற நாச்சிமுத்து சிரித்தான். விலா வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான். சித்திரையில் சேலம் என்று மிட்டாதார் அங்கேயே சொல்லிவிட்டார். 'போட்டா' என்ற பட்டம் எருமப்பட்டியிலிருந்து இறங்கிக் காப்பி கிளப்பில் குடியேறியது. வேலுசாமி ஒரு வாரம் வருத்தப்பட்டார். பிறகு ஒரு பிரதி வாங்கிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். கூட்டத்தில் தெளிவாக வந்தவர் தாம் ஒருவர்தானே என்று கேட்கிறவர்களிடம் கேட்டார்.

சேலத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் நாச்சிமுத்து ஸ்டூடியோவுக்கு வந்தான். அன்னத்துக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. மனசுல வெச்சுட்டுச் சேலம் போனா கை எழும்பாது."

"சொல்லு சாமி."

"நான் நிக்கலீங்க. படத்துல இருக்கறது சரிதான். ஆனா நீங்க சொன்னீங்க."

கந்தப்பன் துடைத்துக்கொண்டிருந்த லென்சைக் கீழே வைத்தார். "என்ன சொன்னேன்?"

"மூச்சப் புடிங்கன்னீங்க. மெதுவாத்தான் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு." நாச்சிமுத்து தரையைப் பார்த்தான். "காலு கேக்கலீங்க. கையும் கேக்கல. மூச்சு மட்டும் கேட்டுருச்சுங்க. புடிச்சுட்டனுங்க. புடிச்ச நேரத்துல உழுந்துச்சு. மூச்ச உட்டிருந்தன்னா எட்டுல எந்திரிச்சிருப்பேன்."

கந்தப்பன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். வியர்வைத் துளியைக் காற்றில் நிறுத்தியிருந்தது அது. குதிகாலின் கீழிருந்த தூசியைக் காட்டியது. கூட்டத்தில் ஒருவரின் அகந்தையைக் கூடக் கண்டுபிடித்துக் கொடுத்தது. நாச்சிமுத்துவின் மார்பில் இரண்டு நாழிகைக்குப் போதுமான காற்று அடைபட்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை. காமிராவுக்குப் பின்னால் இருந்தவரின் வாயையும் அது எடுக்கவில்லை.

"மிட்டாதாருகிட்டச் சொல்லீட்டு வாரேன்" என்று துண்டை எடுத்தார்.

"வேண்டாமுங்க. பேரு திரும்பி வந்திருச்சு. அது போதும். சேலத்துக்கு நீங்க வாங்க. பொட்டி மட்டும் வேண்டாமுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாயும் தொறக்காம இருந்தீங்கன்னா ரொம்பச் சந்தோசமுங்க" என்றான்.

கந்தப்பன் போனார். பெட்டி இல்லை. மணி அடிக்குமுன் நாலு வெற்றிலையை ஒன்றாக மடித்து வாயில் திணித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். கண் மட்டும் கால்களைப் பார்த்தது. இரண்டாம் சுற்றில் எருமப்பட்டிக் குதிகால் எழும்பியது. தொடைக்கு அடியிலிருந்த கட்டைவிரல் இல்லாத பந்தை அழுத்தியது. பாலசுந்தரம் மல்லாந்து கிடந்தார். எழுந்தபோது, "மூச்சு நல்லா வுடறே நைனா" என்று அவரே கை கொடுத்தார். அந்தக் குத்துக்குப் படம் கிடையாது. தாடையில் விழுந்ததா, பொட்டில் விழுந்ததா என்று காப்பி கிளப்பில் வெகுகாலம் தகராறு நடந்தது. கந்தப்பனை யாரும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டிருந்தாலும் காலைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு நாமக்கல்லில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. கந்தப்பன் கறுப்புத் துணியை விலக்கிக் கையை உயர்த்துவார். "அசையாதீங்க" என்பார். அப்புறம், "மூச்ச உடுங்க" என்பார். வாடிக்கைக்காரர்கள் குழம்பிப் போவார்கள். சிலர் பிடித்ததை விடுவார்கள், சிலர் விட்டதைப் பிடிப்பார்கள். அவர் கேட்கமாட்டார், விடுகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் மூடியைக் கழற்றுவார். ஆகவே முப்பத்தாறுக்குப் பின் அவர் எடுத்த படங்களில் இந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் முகம் தெளிவாகவும், மீசை தெளிவாகவும், வயிறு மட்டும் சற்றே கலங்கியும் இருக்கும்.